இருபத்தேழாம் எண்

இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே அவள் பென்சிலால் ஒன்பது என்று போட்டாள். அவர்கள் அலுவலகத்தின் ஆய்வுப் படிவத்தில் ஒன்பது என்றால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று பொருள். மற்ற எல்லாருக்கும் பேனாவால்தான் எழுதியிருந்தாள். இதற்கு மட்டும் பேனா எடுக்கக் கை வரவில்லை. இருபத்தேழு அவளுடைய தம்பி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் போன் நம்பரை அவள் ஒப்பிப்பாள்.

தொழிற்பயிற்சி ஆய்வு மையத்தில் அவளுக்குப் பத்தொன்பதாவது வருடம். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை கூடுகிறது, எதற்குக் குறைகிறது என்று பார்த்து, எந்தப் பாடத்தைத் தொடங்கலாம், எதை மூடலாம் என்று பயிற்சி நிலையங்களுக்குச் சொல்கிற வேலை. ஆறு வருடத்துக்கு முன் அவள் எழுதிய அறிக்கையால்தான் கிடங்குப் பணிப் பாடம் வந்தது. இரண்டு வருடப் பத்திரிகைகளையும் வேலைவாய்ப்புத் தளங்களையும் சலித்து ‘ஆட்கள் தேவை’ விளம்பரங்களை எண்ணியிருந்தாள். கிடங்கு வேலைக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது. மோட்டார் வைண்டிங்குக்கு, அதாவது எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலைக்கு, மூன்றே மூன்று.

தம்பி அப்போது ஒரு வைண்டிங் கடையில் பதினோரு வருடமாக இருந்தான். அந்த எண்ணிக்கையின் கோட்டு வரைபடத்தை அவனுடைய சமையலறை மேசைமேல் விரித்துக் காட்டியவள் அவள்தான். “பாருடா, உன் கோடு தரையில படுத்துக் கிடக்கு. இது எங்க போகுது பாரு,” என்று விரலை மேலே இழுத்துக் காட்டினாள். அடுத்த மாதமே அவன் கடையை விட்டுவிட்டு அந்தப் பாடத்தின் முதல் அணியில் சேர்ந்துவிட்டான்.

இப்போது அந்த முதல் அணியின் நாற்பது பேரும் என்ன ஆனார்கள் என்று பார்க்கிற ஆய்வும் அவளிடமே வந்திருந்தது. வியாழக்கிழமை குழு கூடுகிறது. பதினோரு நிலையங்களில் வைண்டிங் பிரிவை மூடி, அந்த இடத்தில் கிடங்குப் பாடத்தைத் தொடங்குவதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். படிவத்தில் ‘தற்போது வேலையில் இருக்கிறீர்களா’ என்று ஒரு கேள்வி. பேசிய முப்பத்தொன்பது பேரில் முப்பத்தொரு பேர் ஆமாம் என்றிருந்தார்கள். மையத்தின் இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் மேசையைத் தட்டினார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் மட்டும் படிவங்களைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். காரணம், போன வாரம் ஒரு கிடங்கின் வாசலில் நடந்த பேச்சு.

லாரிகள் பின்னால் நகர்ந்து வருகிற பீப் பீப் சத்தத்துக்கு நடுவே, ஆள் எடுக்கிற மேனேஜரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் எத்தனை பேரைப் புதுசா எடுத்தீங்க?”

“நூத்தி எண்பது இருக்கும்.”

“அப்போ மொத்தம் இப்ப எத்தனை பேர்?”

“அறுபது.”

“போன வருஷம்?”

“அதே அறுபதுதான் மேடம்.” மேனேஜர் சிரித்தார். “இங்க மூணு மாசம், நாலு மாசம் தாக்குப்பிடிச்சா பெரிய விஷயம். ஒண்ணாம் தேதி ஆனா கம்ப்யூட்டரே விளம்பரத்தப் போட்டுடும். நாங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. அது பாட்டுக்குப் போகும்.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது விளம்பரங்களில் முக்கால்வாசி ஒன்பது கிடங்குகளுடையவை. மாதாமாதம் அதே வாசகம், அதே தொலைபேசி எண். ஆட்கள் ஓடிப்போனதை எண்ணி, ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். பிறகு நான்கு வைண்டிங் கடைகளுக்குப் போன் போட்டாள். ஒரு கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே கடுகடுத்தார். “விளம்பரமா? பேப்பரப் பாத்து வர்றவன் மோட்டாரக் கண்ணால பாத்திருக்க மாட்டான். பக்கத்துக் கடையில ஒரு வார்த்த சொல்லி வச்சா ஆள் வரும். இப்ப அதுவும் வரக்காணோம். இருபது மோட்டார் கட்ட ஆளில்லாம கிடக்கு. உங்களுக்கு யாராச்சும் தெரியுமா?”

தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது. போனை வைத்துவிட்டாள்.

இதில் ஒன்றையும் படிவம் கேட்கவில்லை. எத்தனையாவது வேலை என்று ஒரு கட்டம்கூட அதில் இல்லை. முப்பத்தொன்று என்ற எண்ணில் பொய் கிடையாது. அதை அப்படியே குழுவில் வைத்தால் அவளை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. தம்பியிடம் மட்டும் பேசாமல் இருந்துவிட்டால் போதும். அப்படி நினைத்துத்தான் அந்த ஒன்பதைப் போட்டாள்.

திங்கட்கிழமை தம்பி மனைவி போன் செய்தாள்.

“என்ன அண்ணி, இவரு கூடப் படிச்ச எல்லாருக்கும் உங்க ஆபீஸ்லருந்து போன் வந்துடுச்சாமே. சொந்தத் தம்பிக்கு மட்டும் வரல.”

“லிஸ்ட் பெருசு. வரும்.”

“தினம் தலைமாட்டுல போன வச்சுக்கிட்டே படுக்கறாரு. அக்கா ஏதோ புது வேலைக்கு விசாரிக்கிறா, அதான் வரிசையாக் கேக்கறாங்கன்னு ஒரே நெனப்பு. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும்.”

மறுநாள் மதியம் படிவத்தை எடுத்துக்கொண்டு அவளே போனாள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அறைக்கதவின் ஆணியில் வெவ்வேறு கிடங்குகளின் அடையாள அட்டைகள் கயிற்றோடு தொங்கின. அவள் எண்ணினாள். ஆறு. ஆறிலும் தம்பியின் முகம் ஒன்றைவிட அடுத்ததில் கொஞ்சம் ஒட்டிப் போயிருந்தது.

“கழுத்து ஒண்ணு, மாலை ஆறு,” என்றாள் தம்பி மனைவி, பின்னாலிருந்து. “அவ்வளவு மரியாத உங்க தம்பிக்கு.”

“நீ சும்மா இரு,” என்றபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான் தம்பி. “வா அக்கா. போன்லயே கேட்டிருக்கலாமே.”

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிறவனைப் போல அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். பதினான்காவது கேள்வி வந்தது.

“இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் சொல்லி? விளம்பரம், நண்பர், உறவினர், ஆசிரியர், சுயமுடிவு.”

“சுயமுடிவு,” என்றான் உடனே.

“டேய்.”

“நானாத்தானே சேந்தேன்? யாரும் என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகலையே. போடு, சுயமுடிவு.”

தம்பி மனைவி அடுப்படிப் பக்கம் போய்ப் பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள்.

அவள் பேனாவை மூடினாள். கிடங்கு மேனேஜர் சொன்னதையும், வைண்டிங் கடைக்காரர் சொன்னதையும், தான் எண்ணியது எதை என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டைகளைப் பார்த்தாள். அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடம் கம்பி இழுத்த தழும்பு அவற்றில் இன்னும் இருந்தது.

“என் கோடு படுத்துக் கிடக்குன்னு சொன்னியே,” என்றான் கடைசியில்.

“ஆமா.”

“அது படுக்கலையா?”

“இல்லடா. எங்களுக்கு அது தெரியவே இல்ல.”

“கடைய விட்டு வரும்போது மொதலாளி கேட்டாரு, யோசிச்சுத்தான் போறியான்னு. எங்க அக்கா இதுலயே ஊறினவ, அவ எண்ணிப் பாத்துட்டான்னேன்.” அவன் மறுபடி படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “சாயங்காலம் ஏழு மணிக்குப் போகணும் அக்கா. கொஞ்சம் தூங்கறேன்.”

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் முப்பத்தொன்பது பேருக்கும் மறுபடி போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இது உங்களுக்கு எத்தனையாவது வேலை? சிலர் சிரித்தார்கள். ஒருவன் விரல்விட்டு எண்ணுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி, “எந்த வருஷத்துலருந்து சொல்லணும்?” என்று கேட்டாள். சராசரி ஐந்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

வியாழக்கிழமை குழுவில் அவள் அந்தச் சராசரியை எழுதிய தாளை முதலில் வைத்தாள். இயக்குநருக்கு அலுவலகத்தில் பின்னிணைப்பு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சங்கடமான எதையும் அறிக்கையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்.

“முக்கியமான விஷயம்தான்,” என்றார் அவர். “பின்னிணைப்புல ஒரு குறிப்பாப் போட்டுடலாமே.”

“முதல் பக்கத்துல வரணும் சார். நான் எண்ணினது தப்பு. அத வச்சு இன்னும் பதினோரு எடத்துல மூடக்கூடாது.”

“ஆறு வருஷம் கழிச்சு இப்ப சொல்றீங்க.”

“ஆமா சார்.”

பிறகு, இருபத்தேழாம் எண் தன் தம்பி என்பதையும், அதைப் பட்டியல் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். அந்த ஒரு படிவத்தை வேறொருவர் நிரப்ப வேண்டும் என்று குழு எழுதிக்கொண்டது. வைண்டிங் பிரிவுகளை மூடுகிற முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆய்வு அவளிடம் தரப்படாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபோது அவள் பக்கத்து நாற்காலி மட்டும் சீக்கிரம் காலியானது.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த மேசைக்காரி இருபத்தேழாம் எண்ணுக்குப் போன் போட்டாள். ஒன்பதை ரப்பரால் அழித்திருந்தாலும் தாளில் அதன் பள்ளம் தெரிந்தது. இந்த மேசையில் அவள் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். ஒரு பக்கப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

“இப்ப எத்தனையாவது வேலைங்க?... ஆறு... சரிங்க... பழைய தொழிலுக்குத் திரும்ப விருப்பமா?... ஓ, மொதலாளிகிட்டப் போய்க் கேட்டீங்களா?... சொல்லி அனுப்பறேன்னாரா... சரி, குறிச்சுக்கறேன்... கடைசியா ஒண்ணு. இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் சொல்லி? விளம்பரம், நண்பர்...”

அந்தப் பக்கம் அவன் பட்டியல் முடியும்வரை காத்திருந்தான் போலிருக்கிறது. மேசைக்காரி ஐந்தையும் வாசித்து முடித்தாள்.

“உறவினர்,” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே மேசைக்காரி பேனாவால் கட்டத்தில் குறித்தாள்.