இன்னும் ஒரு சாண் ஒயர்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், ஒரு பிள்ளை கையில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான்.

அருண்பிரசாத் நூலை இழுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவன் மனைவி வினோதினி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, மாமாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்குது. அத்த வரச் சொல்றாங்க."

"தோ வரேன்."

வீட்டின் முன்பக்கத்துத் தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. புல்லட் ஒன்றுக்கு உயரமான ஹேண்டில்பார் மாட்டுகிற வேலை. ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு ஒயர் முனையிலுள்ள பிளக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒல்லியாகச் சேர்த்து டேப் சுற்றி, நைலான் நூலில் கட்டி, ஹேண்டில் குழாய்க்குள் சுவிட்சுப் பக்கத்து ஓட்டையில் விட்டு நடு ஓட்டை வழியாக இழுக்க வேண்டும். ஒரு கை தள்ள, ஒரு கை இழுக்க. வளைவில் வந்து நின்றுகொள்ளும். வேகமாக இழுத்தால் நூல் அறும்; கையை எடுத்தால் ஒயர் உள்ளே மடங்கிக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வழக்கமாகத் தள்ளுகிற கை வினோதினியுடையது. நான்கு நாளாக அவள் மாமனார் பக்கத்தில் இருந்தாள்.

மாமனார் தருமன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். "நல்லா கீற ஹேண்டில கழட்டிட்டு வேற மாட்றதுக்கு ஒரு கடை. அதுக்கும் ஜனம் வருது பாரு" என்று மகனைக் கிண்டல் செய்துகொண்டே நாள் முழுக்க வேடிக்கை பார்ப்பார். சிறுநீரகம் இரண்டும் போய், ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. பிள்ளை கையால் பால் ஊற்றினால் நிம்மதியாகப் போவார் என்றார்கள். மூன்று முறை அலறிக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் அருண் ஓடிப்போய் ஊற்றினான். மூன்று முறையும் மனிதர் மடக்கென்று விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். ஒரு முறை, "இன்னாடா, சக்கரையே போடல?" என்றுகூடக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் அழுதார்கள்.

அந்த மூச்சை நின்று பார்க்க அருணால் முடியவில்லை. அதற்கு ஏதாவது செய்யவும் முடியவில்லை. ஒயரையாவது இழுக்கலாமே.

"அருணு!" இந்த முறை அம்மா ரேணுகாம்பாளின் குரல். "டம்ளர வச்சுகினு நிக்கறேன், வாடா!"

"வளைவு தாண்டிடுச்சு மா. இன்னும் ஒரு சாண்தான். வந்துட்டேன்!"

நூல் வந்தது. பின்னாலேயே சிவப்பு, பச்சை, மஞ்சள் முனைகள் எட்டிப் பார்த்தன. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அம்மா டம்ளரோடு கட்டிலருகே நின்றாள். வினோதினி மாமனாரின் இமைகளை மூடிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது ஊத்தியிருக்கலாமே மா."

"நீ வரேன்னியே" என்றாள் அம்மா.

பந்தல் போட்டார்கள், மேளம் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தருமனின் அக்கா உண்ணாமலை வேனில் வந்து இறங்கினாள். மாரில் அடித்துக்கொண்டு வந்தவள் அருணின் தாடையைப் பிடித்தாள்.

"என் கண்ணு, எந்தம்பிக்குப் பால் ஊத்தினியாடா?"

அருண் வாயைத் திறந்தான்.

"மூணு வாட்டி ஊத்தினான் அண்ணி" என்றாள் ரேணுகாம்பாள், சுவரைப் பார்த்தபடி. "மூணு வாட்டியும் குடிச்சாரு."

"குடுப்பினயப் பாருங்கடி! இந்தக் காலத்துல எந்தப் புள்ள பக்கத்துல இருக்குது?"

தெரு முழுக்க அந்தப் பேச்சுதான். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். நகத்திடுக்கில் இன்னும் கிரீஸ் இருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், ஹேண்டிலில் மீதியிருந்த இடப்பக்கத்துக்கு ஒயர் விடத் தொடங்கினான். வினோதினி ஒயரைத் தள்ளினாள், அவன் இழுத்தான். வளைவில் வந்து நின்றது.

"அருணு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அவன் கையை விட்டான்.

"ஐயோ, ஒயர் மடங்கிக்கும்ங்க!" என்றாள் வினோதினி. அதற்குள் அவன் நிலைப்படியைத் தாண்டியிருந்தான்.

அம்மா அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள்.

"இன்னா மா?"

"ஒண்ணுமில்லப்பா. டீ போடட்டுமான்னு கேட்டேன்."

"போடு" என்றான். தண்ணீர் கொதிக்கும் வரை அங்கேயே நின்றான்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் கூப்பிடுகிற குரல் நெடுங்காலம் இருக்கட்டும். கூப்பிட்டால் வருகிற காலும் இருக்கட்டும். நல்லா இருங்க.