தையல்காரர் அடைத்த குழிகள்

நகராட்சியிலிருந்து தெருவைப் பார்வையிட வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தையல்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கிழிசலைக் கண்டால் ஊசியைத் தேடுகிற கை அது. கொல்லையில் கிடந்த செங்கல் உடைசலையும் மிச்ச சிமென்டையும் குழைத்து, தெருக்குழிகளை எல்லாம் ஒரே நாளில் அடைத்துவிட்டார். நாலு பெரிய மனிதர்கள் வருகிற இடம் பார்க்கும்படி இருக்க வேண்டாமா?

வந்தவர்கள் கையில் ஒரு இரும்புக் கோல் இருந்தது. குழியின் ஆழத்தை அளக்க. ஆழமான குழி உள்ள தெருவுக்குத்தான் புதுத் தார். கோலை விட்டுப் பார்க்க ஒரு குழிகூட அகப்படவில்லை. 'நல்ல நிலை' என்று எழுதிக்கொண்டு, தையல்காரர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே ஒரு தண்ணீர் லாரி போனதில் ஒட்டெல்லாம் பிய்ந்து, குழிகள் முன்னைவிட வாய் பிளந்தன.

"அதிகாரி வந்தா ஊர்ல எல்லாரும் குழியக் காட்டுவாங்க. நம்மாளு மூடிக் காட்டினாரு," என்றாள் மனைவி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அதோடு போயிருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். ஆனால் மூட்டு ஆபரேஷன் முடிந்து அக்கா அவர் வீட்டில் இருந்தாள். காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் தெருமுனையைத் தாண்ட மாட்டோம் என்றார்கள். ஊன்றுகோலோடு முனை வரை நடந்தவள் ஒருமுறை விழப் பார்த்தாள். "விடுடா தம்பி, தானா சரியாயிடும்," என்று போவதையே நிறுத்திவிட்டாள். கால் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டு வந்தது.

தையல்காரர் நடையாய் நடந்தார். கவுன்சிலர், "பாத்துக்கலாம்ணே, நம்ம தெருதானே," என்றார். எழுத்தர், "ஃபைல் மேல போயிருக்கு," என்று விரலை உயர்த்தினார். தையல்காரரும் அண்ணாந்து பார்த்தார், மின்விசிறிதான் இருந்தது. சட்டை கேட்டு வருபவர்களிடம் தானும் இத்தனை காலம், "காஜா மட்டும்தான் பாக்கி," என்று சொல்லி வந்தது நினைவுக்கு வர, கோபப்படவும் மனம் வரவில்லை.

கடைசியில், சாலைப் பிரிவு இன்ஜினியரம்மா சாப்பிட்டு டப்பாவை மூடும் நேரமாகப் பார்த்து எதிரே போய் நின்றார்.

"எங்க தெருவுக்கு உண்டா இல்லையாம்மா? எதுவானாலும் சொல்லிடுங்க. எங்கக்கா நடக்கணும்."

"குழிய அடைச்சது நீங்கதானே?"

"நாந்தான்."

"தார் போடற லிஸ்ட்ல உங்க தெரு முதல்ல இருந்துச்சு. அது போனதால பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கற தெரு உள்ள வந்துச்சு. அங்கேருந்து கேக்கறதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல."

தையல்காரருக்கு அந்தத் தெரு தெரியும். சீருடைக்கு அளவெடுக்கப் போனபோது, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரில் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். அதை எடுத்துவிட்டு எங்களுக்குப் போடுங்கள் என்ற பேச்சு தொண்டை வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"அப்ப எங்களுக்கு?"

"இந்த வருஷம் கிடையாது. தெருக்காரங்க பாதிச் செலவு ஏத்துக்கிட்டா மழைக்கு முன்னாடி போடலாம். ஏத்துக்க மாட்டாங்க, நான் நிறைய தெரு பாத்துட்டேன். நீங்க ரோட்டுக்காகக் காத்திருக்காதீங்க. வண்டி வர்ற முனையில யார் வீட்லயாவது ஒரு ரூம் கேட்டு, அக்காவ நாளைக்கே அங்க கொண்டு போய் விடுங்க."