ராகேல் டீச்சர் மேல் ஒரு மனு

“மனு வந்திருக்கு டீச்சர். உங்க மேலதான்.”

மிஷன் பெண்கள் பள்ளி மானேஜர் ஜேசுதாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“ஒன்று, இந்த ஆசிரியை ஊர்ப் பிள்ளைகளின் மனதைக் கெடுக்கிறார். இரண்டு, கோயிலுக்குள் யார் போகலாம் என்று விதித்தது தெய்வமா மனிதனா என்று கேட்கிறார். மூன்று, சபையில் சில குடும்பங்களுக்குப் பெஞ்சும் மற்றவர்களுக்குப் பாயும் போட்டது யார் என்று கேட்கிறார்.”

மூன்றாவதை வாசித்ததும் அவர் காகிதத்தை மடித்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில் சபையின் முதல் பெஞ்சு அவருடைய குடும்பத்துக்குரியது.

“இதெல்லாம் கேட்டியளா?”

“கேட்டேன் ஐயா.”

“வெள்ளிக்கிழமை பதில் தரணும். எனக்குத் திருப்தி இல்லேன்னா, திங்கட்கிழமை உங்க வகுப்புக்கு வேற டீச்சர் வருவா.”

ராகேல் வெளியே வந்தாள். வேலை போனால் அவளுக்கு இரணியலில் அண்ணன் வீட்டு அடுக்களைதான். அண்ணன் அதற்காகவே காத்திருந்தான்.

யார் எழுதியது? கேள்விகளை அவள் கேட்டது வகுப்புக்குள். ஆடிக் காற்றுக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே இருந்தது பதினெட்டுப் பெண்கள். அவர்களில் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி சாக்ரடீஸுக்கு. ஏதென்ஸில் அந்த மனிதர் எதையும் போதிக்கவில்லை, கேள்விதான் கேட்டார் என்று சொல்லி, அதே மாதிரி நம் ஊரைக் கேளுங்கள் என்பாள் ராகேல். போன வாரம் அவருடைய வழக்கையும் நஞ்சையும் சொல்லி, ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தாள். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் ஒருத்தி இப்படிச் செய்வாளா?

புதன்கிழமை வகுப்பில் எல்லா முகமும் அவளுக்குக் கள்ள முகமாகத் தெரிந்தது. முக்கியமாக லீலாபாய். மானேஜரின் தம்பி மகள். வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் கறுப்பு அட்டை நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள்.

“லீலா, அந்த நோட்டைக் கொண்டா.”

“எதுக்கு டீச்சர்?”

“கொண்டாட்டி!”

நோட்டில் தேதி வாரியாக ராகேல் கேட்ட கேள்விகள். ஒன்றுகூட விடவில்லை.

“உனக்க பெரியப்பாவுக்குச் சோறு விளம்பும்போது இதையும் சேத்து விளம்புனியா?”

வகுப்பு சிரித்தது. லீலாபாய் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. “நீங்க கேட்டது மறந்துபோகக் கூடாதுன்னு எழுதினேன் டீச்சர்” என்றாள்.

“வெளிய நில்லு.”

அவள் போய் வராந்தாவில் முதுகைக் காட்டி நின்றாள். ராகேல் வீட்டுப்பாடத்தை எடுக்கச் சொன்னாள். எல்லாரும் நீட்டினார்கள், தாணம்மாளைத் தவிர.

“எழுதினேன் டீச்சர். காணல்ல.”

“ஆடு தின்னிருக்கும் டீச்சர்” என்றாள் பக்கத்திலிருந்த செல்லத்தாய்.

“சும்மா கெடட்டி. அப்பாக்க மேசையில வெச்சேன். மனுப்பெட்டிக்குள்ள போயிருக்கும்.”

ராகேல் நிமிர்ந்தாள். “மனுப்பெட்டியா?”

தாணம்மாளின் அப்பா பொன்னுலிங்கம் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர். பெயர் சொல்லப் பயப்படுகிறவர்கள் விஷயத்தை ஒரு தாளில் கிறுக்கி அவர் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் அதை நல்ல கையெழுத்தில் நகல் எடுத்து, மேலே என்ன விலாசம் இருக்கிறதோ அதற்குத் தபாலில் சேர்த்துவிடுவார். யார், எதற்கு என்று விசாரிக்கமாட்டார். தொழிலில் அது அவருக்கு நேர்மை.

“நீ என்ன எழுதின மக்கா?”

“சாக்ரடீஸ் நம்ம ஊருல பிறந்தா ஊரு என்ன குற்றம் சொல்லும்னு எழுதச் சொன்னியள்லா? நான் அவரை ஒரு டீச்சராக்கினேன். எங்க வீட்டு முறைப்படி ‘மிஷன் பள்ளி மானேஜர் சமூகத்துக்கு’ன்னு மேல போட்டு, மனுவாவே எழுதினேன். கடைசியில தண்டனையும் கேட்டேன்.”

“என்ன தண்டனை?”

தாணம்மாள் சொன்னாள். ராகேல் வராந்தாவைப் பார்த்தாள். லீலாபாய் இன்னும் திரும்பவில்லை. மணி அடித்ததும் நோட்டைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ராகேல் மானேஜர் முன் நின்றாள்.

“அது ஒரு பிள்ளையுடைய வீட்டுப்பாடம் ஐயா. தவறித் தபாலில் வந்துட்டு. யாருன்னு சொல்லமாட்டேன்.”

ஜேசுதாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. “செரி. அதுல உள்ளது பொய்னு எழுதித் தாங்க. முடிஞ்சுது.”

கையெழுத்துப் போட்டால் வேலை போகாது. ராகேல் பேனாவைத் தொடவில்லை.

“பொய்யில்லையே ஐயா. மூணும் நான் கேட்டதுதான். நீங்க கடைசி வரைக்கும் வாசிச்சியளா?”

அவர் வாசித்திருக்கவில்லை. மடிப்பைப் பிரித்தார்.

“ஆகையால் மேற்படி ஆசிரியைக்குத் தண்டனையாக, அவர்மேல் கோபம் கொண்டவர்கள் ஒரு நாள் அவர் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும்படி உத்தரவாக வேண்டும்.”

அவர் அதை இன்னொருமுறை வாசித்தார். அன்று கடைசி மணிக்கு வகுப்புக்கு வந்தார். முன்னால் நாற்காலி போட்டார்கள். அதைப் பார்த்தார், கையிலிருந்த மனுவைப் பார்த்தார், பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திருடனைத் தேடி வந்த போலீஸ்காரர் மாதிரி அவர் கண் சுற்றியது.

ராகேல் கறுப்பு நோட்டை எடுத்தாள். “லீலா, விசாரிக்காம உன்னை வெளிய நிறுத்தினேன். தப்பு எனக்க மேல.”

லீலாபாய் நோட்டை வாங்கினாள். திறக்கவில்லை. அந்த வருஷத்தில் முதல்தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

“டீச்சர், சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தவங்க கெட்டவங்களா, பயந்தவங்களா?”

ராகேல் அவளை நேராகப் பார்த்தாள். “புதன்கிழமை நான் பயந்துதான் இருந்தேன், மக்கா.”

பின்னாலிருந்து கரகரத்த குரல் கேட்டது. “பயந்தவன் செய்தா, தப்பு குறையுமா?”

பதினெட்டுத் தலைகளும் திரும்பின. தான் கேட்டுவிட்டது ஜேசுதாஸுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.  ஒரே நேரத்தில் நாலு பேர் பதில் சொன்னார்கள்.

மணி அடித்தபின் அவர் மனுவை மேசையில் வைத்தார். “இதுக்கும் மார்க் போட்டுருங்க. கையெழுத்து அழகா இருக்கு.”

நகலெடுத்த கையெழுத்து அப்பாவுடையது; தாணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“திங்கட்கிழமை ஐயா?” என்றாள் ராகேல்.

“திங்கட்கிழமை நீங்கதான். வெள்ளிக்கிழமை பின்பெஞ்சுல எனக்கு இடம் வையுங்க.”

கேட்கவா, கண்காணிக்கவா? அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ராகேல் திரும்பினாள். லீலாபாய் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, பெரியப்பா கேட்ட கேள்வியை எழுதிக்கொண்டிருந்தாள்.