ஒரு பிள்ளைதான்

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. பிறம்ரன் வெயர்ஹவுஸில் மக்டலீனோடு பெட்டி கட்டுகிற சந்திரவதனா அன்ரி, வீடு தேடி அலைந்த அவளுக்காக நல்ல மனம் வைத்து, ரெக்ஸ்டேலில் தன் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்றை வாடகைக்கு விடுகிற அருள்நாயகத்துக்குப் போன் எடுத்தார். "ஒரு பிள்ளைதான் அண்ணை, ஒரு கரைச்சலும் இல்லை" என்றார். அன்ரி சொன்னது மக்டலீனின் ஐந்து வயது மகளை. அருள்நாயகம் விளங்கிக்கொண்டது, யாரோ ஒரு இளம்பெண் தனியாகக் குடிவருகிறாள் என்று. நம்மவர்களுக்குப் பாலர் வகுப்புக்குப் போகிறவளும் பிள்ளைதான், முப்பது வயதில் வேலைக்குப் போகிறவளும் பிள்ளைதான். பாசம் கூடிய மொழி. வீடு பிடிக்கத்தான் உதவாது.

காரின் தலையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு மக்டலீன் வந்து இறங்கியபோது அருள்நாயகம் கராஜ் வாசலில் நின்றார். பின் சீற்றிலிருந்து அனிற்றா குதித்து இறங்குவதைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"உது ஆர்?"

"என்ர மகள், அண்ணை."

"ஒரு பிள்ளை எண்டெல்லோ சொன்னவ."

"ஓம் அண்ணை, ஒண்டுதான்."

இதில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. பழைய அறையைக் காலி செய்துவிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை. மன்ரியாலில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிற புருஷனிடமா போவது?

அருள்நாயகம் தலையைச் சொறிந்தார். இரவு வேலை செய்து பகலில் நித்திரை கொள்கிற மனிதர், கொடியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டம் பாராளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும் என்றில்லை, கராஜ் வாசலிலும் பிறக்கும். பிள்ளை ஓடக்கூடாது. பந்து கூடாது. பின்வளவுக்கு வரக்கூடாது. வேறு பிள்ளைகளைக் கூட்டி வரவே கூடாது.

"சத்தம் கேட்டால் வீட்டை விட்டு எழும்பத்தான் வேணும். பிறகு என்னோட மனவருத்தப்படக் கூடாது."

"சத்தமே வராது அண்ணை" என்று மக்டலீன் வாக்குக் கொடுத்தாள். பிள்ளையைக் கேட்டா கொடுத்தாள்?

அந்த வாக்கைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கினாள். "நாங்கள் பூனை. பூனை நடந்தால் ஆருக்கும் கேக்குமோ?" என்றாள். அனிற்றாவுக்கு அது பிடித்துப்போயிற்று. குதிக்கால் நிலத்தில் படாமல் நடந்தாள். பாட்டை உதட்டால் மட்டும் பாடினாள். சிரிப்பு வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். மேலே ஒரு கதிரை இழுபட்டாலே தாயும் மகளும் நின்ற இடத்தில் அசையாமல் நின்றார்கள். "என்ர கெட்டிக்காரப் பிள்ளை" என்று மக்டலீன் கொஞ்சுவாள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு நாள் பள்ளிக்கூடத்து ரீச்சர் வரச் சொன்னார். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். ஏதாவது கேட்டால் கிட்ட வந்து காதுக்குள் குசுகுசுக்கிறாளாம். மற்றப் பிள்ளைகள் ஓடித் திரியும்போது இவள் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாளாம். வீட்டில் ஏதாவது பயமா என்று ரீச்சர் மெல்லக் கேட்டார். மக்டலீன் தனக்கு வந்த ஆங்கிலத்தில் வீட்டுக்காரரின் கதையைச் சொல்லி முடித்தாள். ரீச்சர், காசில்லாமல் சட்ட உதவி தருகிற ஒரு லீகல் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்த ரினோஸா தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "குசினியும் பாத்ரூமும் உங்களுக்குத் தனியவா?" என்றாள்.

"ஓம், தனிய."

"அப்ப வாடகைச் சட்டம் உங்களுக்கும் இருக்கு. பிள்ளை இருக்கெண்டு உங்கள எழுப்ப ஏலா அக்கா. பிள்ளை நடக்கிற, விளையாடுற சத்தத்துக்கும் ஏலா. இங்க சட்டம் அப்பிடித்தான்."

"அவர் எங்கட ஆள், தங்கச்சி. முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுறது?"

"எங்கட ஆளுக்கும் அதே சட்டம்தான்" என்றாள் ரினோஸா.

அப்படியும் மக்டலீன் சொல்லவில்லை. முகத்தை முறிக்க மனம் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அவளுடைய கையிலிருந்தே சோற்றுப்பானை மூடி நழுவி விழுந்தது. அருள்நாயகம் நித்திரை கலைந்த கண்ணோடு படியிறங்கி வந்தார்.

"பிள்ளையை வைச்சுக்கொண்டு உங்களுக்கு இது சரிவராது. வேற இடம் பாருங்கோ."

அனிற்றா கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். செய்யாத குற்றத்துக்கு ஒளிக்கிற பிள்ளையைப் பார்த்ததும் மக்டலீனுக்கு எங்கிருந்தோ துணிவு வந்தது.

"நான் எழும்பமாட்டன் அண்ணை. பிள்ளை இருக்கெண்டு எழுப்பேலாதாம். நான் சட்டம் கேட்டிட்டுத்தான் வந்தனான்."

அவர் சண்டை பிடிப்பார் என்று அவள் காத்து நின்றாள்.

"சரி, இருங்கோ. நான் காதுக்குப் பஞ்சு வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

ஒரு துண்டுப் பஞ்சில் முடிந்திருக்கக்கூடிய காரியம். மக்டலீனுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மகளைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தெடுத்து மடியில் இருத்தினாள்.

"இனி நீ ஓடலாம். பாடலாம், கத்தலாம். அங்கிளோட கதைச்சாச்சு."

அனிற்றா தலையாட்டினாள். இறங்கி, குதிக்கால் படாமல் நடந்து, பொம்மை எடுக்க அலுமாரியடிக்குப் போனாள். கதவைத் தள்ளும்போது விரல் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மக்டலீன் பாய்ந்து போய்க் கதவை இழுத்தாள். நகம் கறுத்து இரத்தம் கட்டியிருந்தது. பிள்ளையின் கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அழு, ராசாத்தி. கத்தி அழம்மா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

மக்டலீன் அந்தச் சின்னக் கையைப் பிடித்து விலக்கினாள். வாய் அகலத் திறந்துதான் இருந்தது. சத்தம் வரவில்லை.