பாட்டுக்குள் இல்லாத அடி

அவர் செயற்கைப் பல் செய்பவர். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்பிவைப்பார்கள். அவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல் வரிசையை நட்டு, கடைசியில் மோட்டாரில் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் பல்காரர்.

அந்த மோட்டார் சத்தம் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருக்கும். அதை மறைக்கத்தான் ஹெட்ஃபோன் வாங்கினார். காதை முழுசாக மூடுகிற பெரிய கறுப்பு ஹெட்ஃபோன், பேஸ் என்கிற அடித்தொனி கூடுதலாக வைத்துச் செய்தது. முதல் நாள் மாட்டிக்கொண்டபோது கையிலிருந்த வேலையை அப்படியே கீழே வைத்துவிட்டார். பத்து வருடமாகக் கேட்ட பாட்டுத்தான். ஆனால் அதில் இப்படி ஒரு ட்ரம் இருந்தது தெரியவே தெரியாது. அந்த அடி காதில் விழுவதோடு நிற்கவில்லை. தாடை எலும்பு வழியாக இறங்கி மார்பில் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அது தலையிலேயே இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா தோளைத் தட்டிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கு" என்பாள் மனைவி. கோபமாகச் சொல்லமாட்டாள். அவளுக்கு நூலகத்தில் வேலை; காலை ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவாள். அதன்பிறகு வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். பின்னறையில் பல்காரர், முன்னறையில் அவருடைய மாமனார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு பகல் பன்னிரண்டு வரை செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார்.

அன்று புதன்கிழமை. மணி பதினொன்றேகால் இருக்கும். பல்காரர் ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் ஒரு அடி விழுந்தது. எப்பேர்ப்பட்ட அடி! உட்கார்ந்திருந்த ஸ்டூல் அதிர்ந்தது, மேசைமேல் மெழுகு உருண்டை ஓர் அங்குலம் நகர்ந்தது. "அடேங்கப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மோட்டாரை நிறுத்தி, பாட்டை அரை நிமிடம் பின்னால் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த இடம் வந்தது. அடி வரவில்லை. மறுபடி தள்ளிக் கேட்டார். வழக்கமான ட்ரம்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டி மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, தெருவில் ஏதோ லாரி போயிருக்கும் என்று விட்டுவிட்டார். மேசையில் மெல்லிய வெள்ளைத் தூசி படிந்திருந்தது. அவர் தொழிலில் தூசிக்கா பஞ்சம்? துணியால் துடைத்துவிட்டு மோட்டாரை மறுபடி போட்டார். அதற்கப்புறம் நாலு பாட்டு ஓடியது. பல் செட் முடிந்தது.

தண்ணீர் குடிக்கலாமென்று எழுந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

யாரோ வாசல் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடுகிற தட்டல் இல்லை அது, உடைக்கிற இடி. பல்காரர் பின்னறைக் கதவைத் திறந்தார்.

முன்னறை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம் நின்றது. மேற்கூரையின் காரை பாதி அறை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரித் தெரிந்தன. மின்விசிறி ஒரு இறக்கை மடங்கித் தரையில் கிடந்தது. அதற்குக் கீழே, ஆள் உயரத்தில் பாதிக்குக் குவிந்த கான்கிரீட்டுக்குக் கீழே, நாற்காலியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா!"

பதில் இல்லை.

அவர் போய் விழுந்தார். நடந்து போனாரா, ஓடினாரா என்று அவருக்கே பிறகு நினைவில்லை. இரண்டு கையாலும் கல்லை வாரினார். நகம் பெயர்ந்தது தெரியவில்லை. செய்தித்தாளின் ஒரு மூலை வந்தது. மாமாவின் செல்போன் வந்தது, தகடாக. பிறகு மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் முழுசாக. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" வாசலுக்கு வெளியே கீழ்வீட்டு அக்காவின் குரல். "கதவு திறக்க மாட்டேங்குது! பெரியவர் எங்கே?"

"தெரியலையே அக்கா! தெரியலையே!"

அடுத்த கல்லில் கை வைத்தார். அதன் கீழே கையோ தலையோ வரப்போகிறது. எடுத்தால் பார்க்க வேண்டும், எடுக்காமலும் இருக்க முடியாது. நாற்காலியின் இருக்கை தெரிந்தது. இரண்டாகப் பிளந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். பிளாஸ்டிக் குவளையால் கதவைத் தட்டுகிற சத்தம். முன்னறையை ஒட்டிய குளியலறைக் கதவின்மேல் பெரிய காரைத்துண்டு ஒன்று சாய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

அதை எப்படிப் புரட்டினார் என்பது இன்றைக்கும் புதிர்தான். பிறகு இரண்டு ஆட்கள் சேர்ந்துதான் அதை அசைக்க முடிந்தது. கதவு திறந்ததும் மாமா இடுப்பில் துண்டோடு, கையில் குவளையோடு நின்றார். ஒரு கீறல் இல்லை. ஆனால் குரல் போயிருந்தது.

"தண்ணி" என்று மட்டும் காற்றாகச் சொன்னார்.

பல்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மாமா அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

அரை மணி நேரத்தில் மனைவி ஓடிவந்தாள். அதற்குள் நாலைந்து பேர் கதவைப் பெயர்த்து உள்ளே வந்திருந்தார்கள். அப்பாவை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம்ப்பா உள்ள மாட்டிக்கிட்டிருந்தீங்க?" என்றாள்.

"நேரமெல்லாம் இல்லம்மா" என்றார் மாமா, கரகரத்த குரலில். "விழுந்த சத்தம் கேட்டதும் மாப்ளே ஓடியாந்துட்டாரு."

கீழ்வீட்டு அக்கா வாயைத் திறந்தார். பல்காரரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். இருபது நிமிடம் வாசல் கதவை இடித்தவர் அவர்தான்.

மனைவி கணவனின் ரத்தம் கசிகிற விரல்களை எடுத்துத் தன் முந்தானையில் சுற்றினாள். "நீங்க மட்டும் இல்லைன்னா" என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை.

அந்தப் பாதி வாக்கியம்தான் அவரைக் கொன்றது. வீட்டைப் பார்த்த பொறியாளர் பின்னறைக் கூரையும் தாங்காது என்று சொல்லிவிட்டார். வேறு வீடு பார்த்துப் போனார்கள். சொந்தக்காரர்கள் போன் செய்து மாப்பிள்ளையைப் பாராட்டினார்கள். பாராட்டப் பாராட்ட அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இருங்க. விழுந்தது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது. பாட்டுன்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

"நல்லா இருந்துச்சு. மறுபடி போட்டுக் கேட்டேன்."

"மறுபடியா?"

"மூணு தடவை."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "எங்கப்பா செத்துப்போற சத்தமா இருந்திருக்கும் அது" என்றாள் மெதுவாக.

பக்கத்து அறையிலிருந்து மாமா வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? அந்தக் கையைப் பாத்தேல்ல? ஒரு விரல்லயாவது நகம் ஒழுங்கா இருந்துச்சா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "எனக்கும் கோவம் வராம இல்ல. முதல் பத்து நிமிஷம் கூப்பிட்டேன். அடுத்த பத்து நிமிஷம் திட்டினேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் வாயி. பாக்கி வைக்காம எல்லா வார்த்தையும் சொல்லிட்டேன். மாப்ளே, அது உங்களுக்குக் கேக்காமப் போனது நல்லதாப் போச்சு. கேட்டிருந்தா நீங்க கதவைத் திறந்திருக்கவே மாட்டீங்க."

பல்காரருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மனைவி சிரிக்கவில்லை. அவள் மனம் இளகப் பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. அதுவரை தேவைக்கு மட்டும் பேசினாள், அதுவும் அவர் முகத்தைப் பாராமல்.

அவரும் ஹெட்ஃபோனைத் தொடவில்லை. மோட்டார் ஒரு மாதம் காதைக் குடைந்தது. பிறகு ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியே ஹெட்ஃபோனை அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

"போட்டுக்கங்க. ஆனா மேசையை ரூம் வாசலைப் பாத்துத் திருப்பிப் போட்டுட்டு உக்காருங்க. அப்பா இருக்கறது கண்ணுல படணும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையைத் திருப்பினார்கள். கனமான மேசை. ஒரு கால் தரையில் கீறிக்கொண்டே வந்தது.