மூன்றாவது புட்டிக்கு இரண்டு ஸ்ட்ரா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது வைனைப் பற்றிய கதை. எழுதுகிற நூருல் ஹுதாவாகிய நான் வைனைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கதையைக் கடைக்குள் கொண்டுவந்து போட்டவர் பழைய வாடிக்கையாளர் வில்லியம் அண்ணன். வயது அறுபத்திரண்டு, மனைவியை இழந்தவர்.

ஜார்ஜ் டவுனின் உச்சி வெயிலில் ஒரு காதல்... (வேண்டாம். அண்ணனே சிரிப்பார்.)

2

சர்ச் பாடகர் குழுவிலிருக்கும் அமலம்மாளிடம் அண்ணன் கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறார். அந்த அம்மாள் சொன்ன பதில் இது:

"ஒங்களுக்குச் செவப்பு வைன்தான் புடிக்கும். எனக்கு இந்த வெயில்ல அதப் பாத்தாலே தலை வலிக்கும். மத்தியானத்துல நான் குடிக்கிற மாதிரி ஒண்ணு கொண்டாங்க. அப்புறம் சரியா இல்லையான்னு சொல்றேன்."

(இந்த நிபந்தனை என் கைச்சரக்கு அல்ல. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.)

3

செய்தித்தாளில் சுற்றிய மூன்று புட்டிகளோடு அண்ணன் கடைக்கு வந்தார்.

"வைன் கடையில கேட்டா சிரிப்பானுங்க தங்கச்சி. வெயிலுக்கு எது ஒத்துக்கும்னு ஒனக்குத்தான் தெரியும்."

"அண்ணே, நான் விக்கிறது துணி."

"அதேதான்லா."

இதற்கு மேல் என்ன பேசுவது? வாசலில் நின்று புட்டிகளை வெயிலில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். மல் துணியை அப்படித்தான் பார்ப்போம்; பின்னால் விரல் தெரிந்தால் வெயிலுக்கு ஆகும். முதல் இரண்டும் கல்யாணப் பட்டு, ஒரு விரலும் தெரியவில்லை. மூன்றாவதில் ஐந்து விரலும் தெரிந்தன.*

* பிறகு கைப்பேசியில் தேடினேன். பினோ நுவார், சிவப்பு வைன்தான், ஆனால் கனமில்லாதது, அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில் வைத்துக் குடிக்கலாம் என்று போட்டிருந்தது. துணிக்காரியை யாரும் லேசாக எடைபோட வேண்டாம்.

4

இங்கேதான் கதை கைநழுவுகிறது. "குளிர வைங்கண்ணே" என்றுதான் செய்தி அனுப்பினேன். அமலம்மாள் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு பஸ்ஸில் போவதற்குள் சூடாகிவிடும் என்று பயந்த மனிதர், முனைக் காப்பிக்கடையில் புட்டியைத் திறக்கச் சொல்லி, பெரிய பிளாஸ்டிக் பையில் ஐஸோடு ஊற்றி, ஸ்ட்ரா போட்டுக் கயிறு கட்டி வாங்கிக்கொண்டார். நாமெல்லாம் பையில் தே ஐஸ், அதான் ஐஸ் டீ, வாங்குகிற மாதிரி.

பஸ் குலுங்கியதில் பை உடைந்து, அண்ணனின் வெள்ளைச் சட்டை... (அடித்துவிட்டேன். மனசு வரவில்லை. மனைவி போனதிலிருந்து, ஆறு வருடமாக, கடைக்கு வந்து ஒரே ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போகிறவர். எனக்குப் பாவமாக இருக்கிறது.)

முதல் பிரதியில் ஒரு ஸ்ட்ராதான் எழுதியிருந்தேன். படிக்க அனுப்பிவைத்தேன்; பஸ்ஸிலிருந்து அழைத்தார்.

"என்னப் பத்தித்தான எழுதுற? ரெண்டு ஸ்ட்ரா போடு தங்கச்சி."

போட்டேன்.

5

அமலம்மாள் கதவைத் திறக்கிறார்.

"என்ன வில்லியம் இது?"

"வைன்லா."

"அது சரி. எதுக்கு ரெண்டு ஸ்ட்ரா?"

அண்ணன் ஒரு ஸ்ட்ராவை அவர் பக்கம் திருப்புகிறார். அடுத்த வரி எனக்கு எழுத வரவில்லை. அமலம்மாள் கதவைச் சாத்துவதாக ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். சிரித்துக்கொண்டே ஸ்ட்ராவைப் பிடிப்பதாக இன்னொன்று. அது என் ஆசை. அவருடைய பதில் அல்ல. குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் அது, நானோ குடிக்காதவள்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள்: சரியா, இல்லையா? யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் நழுவிவிடாதீர்கள். அண்ணன் வெயிலில் நிற்கிறார். ஐஸ் கரைகிறது.