வெள்ளிக்கிழமைக் கஞ்சி

தபாற்கந்தோரில் வேலை செய்யும் ஸ்ரெலா விபூதிப் புதன் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு கோயிலால் வந்த அன்று மாலையே, வேலிக்கு அந்தப் பக்கம் சுல்பிகா தலைப்பிறை பார்த்தாள். தவக்காலமும் நோன்பும் கைகோத்து வந்த வருடம். மறுநாளிலிருந்து நோன்புக் கஞ்சி தினமும் ஐந்து மணிக்கு வேலி தாண்டி வந்தது.

மூன்றாம் வெள்ளி சிலுவைப்பாதைச் செபத்தை ஸ்ரெலாதான் முன்னின்று சொல்ல வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். செபத்தில் உட்கார்ந்தால் அவள் மனது ஓரிடத்தில் நிற்காது. ஊருக்குச் செபம் சொல்ல நான் யார்? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அன்று ஒரேயொரு செபமாலையை மனம் சிதறாமல் சொல்லி முடித்தால் போவது. இல்லாவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவது. பொய்யும் பாவம்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாலரைக்கு முழந்தாளிட்டாள். மாலையின் முதல் பத்து மணிகளிலேயே காஸ் சிலிண்டர் மனதில் வந்து நின்றது. இரண்டாம் பத்தில், காலையில் முத்திரைக்காகக் கத்திய மனிதருக்கு நல்ல பதிலொன்று கிடைத்தது. மூன்றாம் பத்தில் வேலிக்கு மேலால் இறைச்சியும் ரம்பை இலையும் மணத்தன. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது. போன இரண்டு வெள்ளியும் இறைச்சி போடாமல் தந்தவள், இன்று மறந்துவிட்டாள்போல. காலையிலிருந்து பாலில்லாத ஒரு பிளேன்ரீதான் குடித்திருந்தாள், பாவம். சுல்பிகா மனம் நோகாமல் கஞ்சியை எப்படி மறுப்பது என்று யோசித்து யோசித்தே மிச்ச மணிகளும் உருண்டு போயின. ஆமென் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது.

"ஸ்ரெலாக்கா!"

சுடுசட்டியை முந்தானையால் பிடித்தபடி வாசலில் சுல்பிகா.

"இல்ல புள்ள, இண்டைக்கு..."

"தெரியும் தெரியும். உங்கட சட்டி வேறயாக் காய்ச்சினது. இறைச்சி போடல்ல, பயறுதான். உப்புச் சரியோ தெரியா, நோன்போட ருசி பாக்கேலாதே."

அவ்வளவு நேரமும் தன் சட்டியில் இல்லாத இறைச்சியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறாள்!

"உனக்கு எப்பிடி ஞாபகம் வந்த?"

"அத ஏன் கேக்கிறீங்க! பின்னேரம் அசர் தொழுகையில நிக்கக்குள்ள வந்திச்சி, அக்காக்கு வெள்ளிக்கிழமையே எண்டு. எத்தின றக்அத் தொழுதன் எண்டே மறந்து போச்சி. மறதிக்கு ரெண்டுதரம் கூட நெத்திய நிலத்தில வெச்சு ஸஜ்தா செஞ்சிட்டு ஓடிவந்து காய்ச்சினன்."

"அப்ப தொழுகை?"

"அது கூடும், பிழையில்ல. நம்மட மண்டையப் படைச்சவனுக்கு அதுட லெச்சணம் தெரியாதா?"

ஸ்ரெலா சிரித்தாள். சிரித்த வாயோடு காய்ச்சல் சொல்ல முடியவில்லை. கஞ்சியை மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில் ஐந்து ஒழுங்காகப் போயின. ஆறாவதில், கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த வெரோனிக்கா ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். துணி என்றதும் மனது சட்டி பிடித்த முந்தானைக்கு ஓடிவிட்டது. ஸ்ரெலா அதை இழுத்துப் பிடிக்கவில்லை. நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"நோயாளிகளுக்காகவும், ஏழைகளுக்காகவும்," என்று வாசித்தவள், புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள். "சுல்பிகாவுக்காகவும்."

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். சபை வழமைபோல, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.